தொண்டுப்பட்டிக் காவல்

சாணி வாசம் புதுசாக இருந்தது. முத்துப்பேச்சிக்கு முதலில் உறுத்தியது அதுதான். காலங்காலமாக மாடு அடைத்த மண் என்றால் ஒரு தூறல் விழுந்து வெயில் ஏறும்போது பழைய வாசம் கிளம்பத்தான் செய்யும். கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்து சாணி அள்ளியே வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்ன? காய்ந்த எருவின் வாசம் மூக்கு நுனியோடு நின்றுவிடும். அப்போதுதான் போட்ட சாணியின் வாசத்துக்கு ஒரு சூடு உண்டு. பச்சைப் புல்லும் வயிற்றுக் கணகணப்பும் கலந்து தொண்டை வரைக்கும் இறங்கும். அன்று காலை தகரக் கொட்டகையை விட்டு வெளியே வந்து வாளியைத் தூக்கியபோது அவள் தொண்டையில் இறங்கியது அந்தச் சூடு. சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் புதுசாகக் கட்டி வெள்ளையடித்த ஹாலோபிளாக் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். வெளியே சங்கிலி போட்டுப் பூட்டிய இரும்புக் கேட். உள்ளே முழங்கால் அளவு கீரை, அவள், கொட்டகையில் இன்னும் போர்வைக்குள் சுருண்டு கிடந்த புருஷன் தவசி. வேறு ஜீவன் கிடையாது.

“இந்தாங்க, சாணி நாறுதுல்ல?” என்றாள்.

“மாடு அடைச்ச எடம்னா பன்னீரா மணக்கும்? போயி வேலையப் பாரு,” என்று தவசி திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த இடத்தின் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஊர். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். அந்த ஊருக்குத் தொண்டுப்பட்டி என்று ஒரு பொது இடம் இருந்தது. அடுத்தவன் காட்டில் வாய் வைத்த மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து அதில் அடைப்பார்கள். சொந்தக்காரன் வந்து அபராதம் கட்டி, மாட்டின் முதுகில் கையை வைத்து ‘என்னுதுங்க’ என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவிழ்த்து விடுவார்கள். சொல்ல ஆளில்லாத மாடு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். பிறகு காடெல்லாம் பனியன் கம்பெனி ஆயிற்று, மாடு குறைந்தது, பட்டி சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்குமே! தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பஞ்சாயத்துத் தேர்தலே நடக்காத காலம். தலைவர் இல்லை, மெம்பர் இல்லை, ஏனென்று கேட்க நாதி இல்லை. ‘பயன்பாட்டில் இல்லாத பொது இடம்’ என்று ஒரு தீர்மானம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஏலம். ஒரு பனியன் கம்பெனி முதலாளி பேருக்குப் பத்திரம். அடுத்தவன் காட்டில் ஒரு வாய் மேய்ந்த மாட்டுக்குப் பட்டி கட்டி வைத்த ஊரில், ஊர் நிலத்தையே மேய்ந்துவிட்டு ஏப்பம் விட்டவர்களைக் கட்ட ஒரு முளைக்குச்சிகூட இல்லாமல் போயிற்று.

ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் போட்ட சண்டைதான் யாருக்கும் விளங்கவில்லை. “எடத்த வேணும்னா எடுத்துக்குங்க சாமி. சுவரு கட்டுங்க, பில்டிங்கு கட்டுங்க. கேட்டு மட்டும் போட்டுச் சாத்தாதீங்க,” என்றார்கள். கேட் போடாமல் கம்பெனி கட்டுவதா? முதலாளி சிரித்துவிட்டு கேட்டை மாட்டினார். விடிந்து பார்த்தால் கேட்டைக் கழற்றி, ஒரு கீறல் இல்லாமல், தரையில் படுக்க வைத்திருந்தார்கள். மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். அதன் பிறகுதான் முதலாளி, இங்கே எல்லா முதலாளிகளும் செய்வதையே செய்தார்: வம்பு உள்ள இடத்தில் ஒரு காவல் குடும்பத்தைக் குடிவைத்துவிட்டால் இடம் நம் கைவசம் இருப்பதற்கு அதுவே சாட்சி. கேட்டைக் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்து இறுக்கி, வெளிப்பக்கம் சங்கிலி போட்டு, சாவியை மேனேஜர் நஸ்ருதீனிடம் கொடுத்தார். காலையில் திறந்துவிடுவது, பொழுது சாய்ந்ததும் பூட்டுவது அவர் பொறுப்பு. உள்ளே இருப்பவர்களிடம் சாவி இருந்தால் ஊர்க்காரர்கள் மிரட்டி வாங்கிவிடுவார்களாம். மனுஷரை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முத்துப்பேச்சிக்கும் தோன்றவில்லை. அவளுக்கு ஒரே நினைப்புதான். கோர்ட்டிலிருந்து ஆபீசர் ஒருத்தர் வந்து இடத்தைப் பார்ப்பார், கேஸ் முடியும், லைன் வீட்டில் ஒரு ரூமும் புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் கம்பெனியில் வேலையும் உண்டு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ரூம் கிடைத்தால் சின்னத்தாயைக் கூட்டி வந்துவிடலாம். நாலு வயசு மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறியபோது அது அவள் சேலையைப் பிடித்த பிடியை இன்னமும் இடுப்பில் உணர்ந்துகொண்டிருந்தாள். அந்த ரூமுக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

கீரையைப் பறித்ததும் காசு மிச்சம் பிடிக்கிற சிக்கனத்தில்தான். சித்திரை வெயிலில் ஊரே கருகிக் கிடக்க, அந்தச் சுவருக்குள் மட்டும் கீரை கொழுத்துக் கிடந்தது. ஊர் ஜனம் ஒருத்தரும் அதைத் தொட மாட்டார்கள். வெளியூர்க்காரிக்கு அது எப்படித் தெரியும்? கடைந்தும் தின்றாள், பொரித்தும் தின்றாள். அப்படி ஒரு இனிப்பு. தவசிக்குக் கீரை ஆகாது, தட்டை ஒதுக்கிவிடுவான். அவன் பங்கையும் அவளே தின்றாள். கொஞ்ச நாளில், பறிக்கும்போதே ரெண்டு இலையைப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது.

பிறகு கல்தொட்டி. பட்டியின் மூலையில் பழைய காலத்துத் தொட்டி ஒன்று இருந்தது. அடிபம்பில் அடித்து வந்து அதில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். விடிந்தால் ஒரு சாண் குறைந்திருக்கும். வெயில் குடித்துவிட்டது என்று சொல்ல முடியாது, ராத்திரியில் ஏது வெயில்? தண்ணீரின் மேல் குட்டை குட்டையாக மயிர் மிதக்கும். வெள்ளை, செவலை. ஒருநாள் கையால் அள்ளிப் பார்த்தபோது எச்சில் மாதிரி நூலாக இழுத்தது. அன்றைக்கு அவள் கஞ்சி குடிக்கவில்லை.

சுவரைத் தவசிதான் பார்த்தான். அடித்து ஒரு மாசம்கூட ஆகாத வெள்ளை, இடுப்பு உயரத்தில், சுற்றிலும், ஒரே பட்டையாகத் தேய்ந்து கிடந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. மாடு தினவெடுத்து உரசின சுவர் அப்படித்தான் இருக்கும். ரெண்டு பேருக்குமே அது தெரியும்.

“ஊர்க்காரப் பயலுக வேலை,” என்றான் தவசி. “ராத்திரி சுவரேறிக் குதிச்சு எண்ணெயத் தேய்ச்சுட்டுப் போயிருக்கான். நம்மளப் பயமுறுத்திக் கிளப்புறதுக்கு. எங்கிட்டயா?”

எது நடந்தாலும் அவனுக்கு ஊர்க்காரன் வேலைதான். காவல் வேலை அப்படி ஆக்கிவிடுகிறது. ரோட்டில் ஒருத்தன் தும்மினால்கூட நமக்காகத்தான் தும்முகிறான் என்று படும்.

ஆனால் மத்தியானம் தவசி டீக்கடைக்குப் போய்விடுவான், அவள் மட்டும் இருப்பாள். கம்பெனிகளின் நிட்டிங் மிஷின் சத்தம் தூரத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் போனதும் அது சட்டென்று அறுந்துவிடும். அந்த அமைதியில்தான் மற்றது கேட்கும். மெல்லுகிற சத்தம். அவசரமில்லாமல், தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து, ஈரமாக, கீரைக்கு நடுவே, ஓரிடத்தில் இல்லை, பட்டி முழுக்க. ஈ விரட்ட வாலை வீசும் சளப் சளப். ஒரு பெருமூச்சு. அவள் எழுந்து நின்றால் நின்றுவிடும். உட்கார்ந்தால் ஆரம்பிக்கும். பயந்துபோய் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டபோதுதான் தெரிந்தது, ஒரு சத்தம் உள்ளேயிருந்து வருகிறது. அவள் வாயும் மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றுமே இல்லை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தெய்வாத்தாளின் வீடு. வாசலில் மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட்டைக் கொட்டிக்கொண்டு, வெள்ளை வேறு கலர் வேறாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பகலில் கேட் திறந்தே கிடந்தாலும் ரோட்டின் பாதிக்கு மேல் தாண்டி வர மாட்டாள். அன்றைக்கு முத்துப்பேச்சி மடி நிறையக் கீரையோடு கேட்டருகே வந்ததைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“அம்மிணி, அதையா திங்கறே?”

“ஏக்கா, நல்ல கீரதான?”

“அட கெரகமே! எத்தன நாளா?”

முத்துப்பேச்சி மடியைக் குனிந்து பார்த்தாள். தெய்வாத்தாள் பாதி ரோட்டில் நின்றபடியே சொன்னாள். குரலில் இரக்கம் இருந்த மாதிரியும் இருந்தது, திட்டுகிற மாதிரியும் இருந்தது.

“எம்பத்தி மூணுல மழை இல்லீங்கறது உங்க ஊர்லயும் இருந்திருக்கும். தீனி இல்லாம மாட்டையெல்லாம் அவுத்து உட்டுட்டோம். அதுக போயி ஒருத்தரோட கெணத்துக் காட்டுல பாஞ்சிருச்சு. மொத்தத்தையும் ஓட்டியாந்து இதுல அடைச்சுப் போட்டாங்க. கூட்டியாரோணும்னா அபராதம் கட்டோணும். கட்டிக் கூட்டியாந்தாலும் தீனிக்கு எங்கீங்க போறது? ஊரே வந்து கேட்டுக்கிட்ட நின்னு பாத்துது. ‘இது யாருளுது’ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. என்ற செவல என்னையவே பாத்துக்கிட்டு நின்னுது. என்னுது இல்லீங்கன்னு நானும் சொல்லிப்போட்டு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கத்துச்சுக. கத்திக் கத்தி ஓஞ்சுபோச்சுக. கடைசி ஒண்ணும் உழுந்த பொறவு கேட்டக் கழட்டி எறிஞ்சோம். கேட்டு இல்லாம கெடந்தா, அதுக வெளிய போயிருச்சுன்னு மனசத் தேத்திக்கலாமில்லீங்க? இப்பச் சாத்திப் போட்டீங்களே!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “உன்ற ஊட்டுக்காரனக் கூப்புட்டுக்கிட்டு இன்னைக்கே போயிரு அம்மிணி. அதுக்குள்ள அகப்பட்டா, முதுகுல கைய வெச்சு என்னுதுன்னு சொல்ல ஆளு வந்தாத்தான் வெளிய வர முடியும்.”

அந்தக் கீரையை முத்துப்பேச்சி ரோட்டோரம் கொட்டினாள். தவசியிடம் சொன்னாள், அழுதாள், போய்விடலாம் என்றாள். அவன் எகிறினான்.

“ரூமு கைக்கு வர்ற நேரத்துல கெளப்பி விடப் பாக்குறாக. நீயும் நம்புற! போனா எங்க போறது? புள்ளைய எப்பக் கூட்டியாறது?”

பிள்ளை என்றதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மறுநாள் நஸ்ருதீன் நல்ல சேதியோடு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எப்போதும் ஒரு காலை மொபெட்டிலேயே வைத்துப் பேசுகிறவர். ஆபீசர் ரெண்டு நாளில் வருகிறார், லைன் வீட்டில் ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, பாப்பாவைப் போய்க் கூட்டி வரலாம். “ஆனா ரெண்டு பேரும் போயிராதீங்க. ஒரு ஆளாச்சும் உள்ள இருக்கோணும். காலி எடம்னு எழுதிட்டாங்கன்னா மொதலாளி என்னையக் கொன்னுபோடுவாரு.”

“நானும் வாரேன்,” என்றாள் முத்துப்பேச்சி.

“ஒரு ராத்திரிதான,” என்றான் தவசி. மஞ்சப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரோட்டு முனையில் திரும்பிக் கையை ஆட்டினான்.

பொழுது இறங்கியது. நஸ்ருதீன் வந்து கேட்டை இழுத்துச் சாத்தி சங்கிலியைச் சுற்றினார். “பயப்படாதீங்கம்மா, காலைல வெள்ளனே வந்தர்றேன்,” என்றார். மொபெட் சத்தம் போய்விட்டது. சுவரின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து நீண்டு கீரையின் மேல் ஏறி, கல்தொட்டியை மூடி, கொட்டகை வாசலுக்கு வந்தது. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டில் குண்டு பல்பு எரிந்தது. ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். அடுத்த தெருவில் யாரோ தாளித்தார்கள். இத்தனை மனுஷ வாடைக்கு நடுவில் என்ன ஆகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளை இந்நேரம் சின்னத்தாய் மடியில் இருப்பாள், தலையைப் பின்னிவிடலாம், பேன் பார்க்கலாம். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மின்சாரம் போயிற்று. பல்பும் ரேடியோவும் மிஷின்களும் ஒரே நேரத்தில்.

சாணி வாசம் வந்தது. சூடாக. பக்கத்தில்.

கொட்டகையின் தகரம் மெதுவாக அதிர்ந்தது. ஏதோ ஒன்று அதன் மேல் விலாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டு போயிற்று. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. எழுந்தாள். கேட் வரைக்கும் போய்விட்டால் தெய்வாத்தாளைக் கூப்பிடலாம். நடந்தாள். முன்னால் வெறும் கீரைதான் தெரிந்தது, மங்கலாக. ஆனால் தோளில் ஏதோ இடித்தது. எலும்பு. இடுப்பெலும்பு. விலகினாள். மறுபக்கம் விலா. தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக, சூடாக, அவள் கையை உரசிக்கொண்டு போயிற்று. எத்தனை பட்டினி! முழங்கையில் ஈர மூக்கு. கழுத்தில் மூச்சு.

ஓடினாள். கேட்டின் கம்பியைப் பிடித்தாள்.

“அக்கா! தெய்வாத்தாக்கா!”

எதிர்வாசலில் அரிக்கேன் விளக்கு அசைந்தது. தெய்வாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

முத்துப்பேச்சியின் தோளில் ஒரு தாடை வந்து உட்கார்ந்தது. கனமாக. அலுப்போடு. அது முட்டவில்லை, தள்ளவில்லை. பின்னால் கால்கள் நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. அவளுக்கு நிற்க இடம் விட்டன.

விடிந்தபோது நின்றுகொண்டிருந்தாள். நின்றபடியே தூங்கியிருந்தாள். தாடை வலித்தது. வாயெல்லாம் பச்சை இனிப்பு. உடம்பைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கப் பயமாகவும் இருந்தது. குனிந்தாள். கீரைதான் தெரிந்தது. சங்கிலி அவிழும் சத்தம் கேட்டதும் உயிர் வந்தது.

நஸ்ருதீன் கேட்டைத் தள்ளிவிட்டு அப்படியே நின்றார். “இதென்ன கூத்துங்க! மாடு எப்படி உள்ள வந்துச்சு?”

“அண்ணே,” என்றாள் அவள்.

“ஹேய், ஹேய்! அம்மா! முத்துப்பேச்சியம்மா!”

“இங்கதான அண்ணே நிக்கேன்.”

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் பயந்து, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பாய் விரித்தபடி இருந்தது. தட்டு, செம்பு, மடித்து வைத்த மாற்றுச் சேலை. வெளியே வந்து சுவரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். “பூட்டு பூட்டுனபடிதான இருந்துச்சு யா அல்லா,” என்று முணுமுணுத்தார். முகம் வெளுத்திருந்தது. கேட் அகலத் திறந்துதான் கிடந்தது. அவள் ஓடினாள். கேட் வாசல் கோடு வந்ததும் கால் நின்றுவிட்டது. யாரும் மறிக்கவில்லை, கால் போகவில்லை. மறுபடி முயன்றாள். போகவில்லை. நஸ்ருதீன் வெளியே போய் அவசரமாகச் சங்கிலியைச் சுற்றினார்.

அன்றைய பகல் முழுக்க அவள் கேட்டருகே நின்றாள். பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், மகள் பேரைச் சொன்னாள். அவள் காதுக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்டன. பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் “பாவம், தண்ணிக்குக் கத்துது” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தெய்வாத்தாள் மட்டும் துணி பிரிக்காமல் வாசலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவள் கண்ணையே பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

பொழுது சாயும்போது தவசி வந்தான். தோளில் சின்னத்தாய். புதுக் கவுன், சிவப்பு ரிப்பன், கையில் பஸ்ஸில் வாங்கின முறுக்கு. முத்துப்பேச்சிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கேட்டில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அப்பா, மாடு!” என்றது குழந்தை.

கூட வந்த நஸ்ருதீன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் போல. “பூட்டு ஒடையலீங்க, சுவரு ஏறியிருந்தாத்தான் உண்டு. உங்களத் தேடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்களோ என்னமோ…” தவசியின் முகம் கோபத்தில் கறுத்திருந்தது. சங்கிலியை அவிழ்த்தார்கள். அப்போதுதான் தெய்வாத்தாள் எழுந்து ஓடி வந்தாள். பாதி ரோட்டைத் தாண்டினாள். கேட்டைக் கையால் பிடித்தாள்.

“ஏனுங்க, அது உங்குளுதுங்க. முதுகுல கைய வெச்சு என்னுதுன்னு ஒரு சொல்லு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருங்க. உங்க காலுல உழறேன்.”

தவசி அவளை ஏற இறங்கப் பார்த்தான். “எம் பொண்டாட்டி எங்க?”

“அதத்தான் சாமி சொல்றேன்!”

“எல்லாந் தெரியும். அவளப் பயமுறுத்தி ஓட வச்சுட்டு உங்க மாட்டப் புடிச்சு உள்ள விட்டிருக்கீக. நாளைக்கு ஆபீசர் வந்தா, ஊரு மாடு அடையிற பட்டி, புழக்கத்துல உள்ள எடம்னு காட்டுறதுக்கு. அத எந் தலையில கட்டுறீகளா?”

“தவசி,” என்றாள் முத்துப்பேச்சி. “ஏங்க. என்னயப் பாருங்க.” அவன் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் முதுகைக் குறுக்கி அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோனாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“உங்குளுதுன்னு மட்டும் சொல்லுங்க,” என்று கதறினாள் தெய்வாத்தாள். “நான் செஞ்ச பாவத்தச் செய்யாதீங்க.”

“என்னுது இல்ல! எனக்கு ஏது மாடு?” தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் தவசி. “என்னுது இல்ல. ஊரே கேட்டுக்கங்க, என்னுது இல்ல!”

தெய்வாத்தாள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நஸ்ருதீன் மாட்டை வெளியே ஓட்டிவிடலாம் என்று கல்லெடுத்துப் பார்த்தார். அது கேட்டைத் தாண்டவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. “கெடக்கட்டும் விடுங்க, காலைல ஆள வெச்சு இழுத்துக்கலாம்,” என்றார். “நீங்க உள்ள இருங்க. ஆபீசர் வர்றப்ப ஆளு இல்லீன்னா ரூமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க சம்சாரம் வந்துருவாங்க.” தவசி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

கூடாது. கூடாது. முத்துப்பேச்சி குறுக்கே போய் நின்றாள். போ, போ, புள்ளயத் தூக்கிட்டுப் போயிரு! அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தவசி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுக் கொட்டகை மேலிருந்து கம்பை உருவினான். முதல் அடி விலாவில் விழுந்தது. பின்னால் கேட் சாத்தியது. சங்கிலி. பூட்டு. மொபெட் சத்தம் தேய்ந்து போயிற்று.

இரண்டாவது அடி. மூன்றாவது அடி. சுவர்ப் பக்கம் அவளை ஓட்டிக்கொண்டு போனான். சின்னத்தாய்க்கு அது விளையாட்டாகப் பட்டது. கீழே கிடந்த ஒரு சுள்ளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

“சின்னத்தாயி,” என்றாள் அவள்.

குழந்தை திடுக்கிட்டு நின்றது. பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. “ஹேய், போ,” என்று சுள்ளியை ஓங்கி அவள் காலில் அடித்தது. வலிக்கவில்லை. ஆனால் கால் கேட்டது. மகள் அடித்த பக்கத்திலிருந்து விலகி, ஒரு எட்டு, இன்னொரு எட்டு, தானாகப் பின்னால் போயிற்று. வெள்ளை தேய்ந்த சுவரோரம் பட்டி மாடுகள் நெருங்கி நின்றுகொண்டு அவளுக்கு இடம் விட்டன. அவள் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பட்டி நடுவில் சுள்ளியோடு நின்ற குழந்தையை எல்லாம் தலையைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தன.